கடேற் சட்டையில் நான் கண்ட குறை

புதிதாகப் பள்ளிக்கூடத்தின் கடேற் என்னும் மாணவர் படைக்குப் பொறுப்பெடுத்திருக்கும் ஆசிரியத் தம்பிமாருக்கு,

சீருடை அணிவதைப் பற்றியும் பேணுவதைப் பற்றியும் என்னிடம் நாலு வார்த்தை எழுதி வாங்கலாம் என்று உங்களுக்கு யார் யோசனை சொன்னார்களோ தெரியாது. சொன்னவர் என்னை நன்றாக அறிந்தவராக இருக்க வேண்டும். இருபது வருடத்துக்கு மேல் நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தேன். அது ஒருவருக்கும் நினைவில்லை. மருதனார்மடச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றால் பழைய மாணவர்கள் வந்து தங்கள் மனைவிமாருக்கு என்னை இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்கள்: "இவர்தான் எங்கடை சப்பாத்திலை முகம் பாத்துத் தலை இழுத்த சேர்."

பொய்யில்லை. ஒரு தடவை அப்படிச் செய்தும் காட்டினேன். சீப்பு என் மேற்பையில் எப்போதும் இருக்கும்.

சட்டையை எப்படி மடிப்பது, கால் மேசு கணுக்காலுக்கு எத்தனை விரல் மேலே நிற்க வேண்டும், தொப்பி எந்தப் பக்கம் சரிய வேண்டும் என்பதெல்லாம் கைநூலில் படத்துடன் இருக்கிறது. இளைப்பாறியபின் அதை மறக்க முயன்றுகொண்டிருக்கிறேன், ஆகவே திருப்பிச் சொல்லமாட்டேன். கைநூல் எழுதியவர் யாழ்ப்பாணத்துக்கு வந்திருக்கமாட்டார். அவருக்குத் தெரியாமல் போன இரண்டு சங்கதியைச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்தும் தெரியாததுபோல் இருந்த ஒரு சங்கதிக்கு வருகிறேன்.

முதலாவது, நீலம். நான் பொறுப்பெடுத்த வருடம் கொழும்பிலிருந்து சாக்குகளில் காக்கி உடுப்பு வந்தது. பெடியளுக்கு அளந்து கொடுத்து, துவைத்து மினுக்கிக்கொண்டு வரச் சொன்னேன். துவைத்த உடுப்புக்கு நீலம் போட வேண்டும் என்பது எங்கள் தாய்மாருக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லாத சட்டம். வேட்டிக்குப் போடுகிறார்கள், சேலைக்குப் போடுகிறார்கள், அரசாங்கத்தின் உடுப்புக்குக் குறைவாகப் போட்டால் மரியாதையா? இரண்டு கரண்டி கூடப் போட்டிருக்கிறார்கள். காக்கியில் நீலம் ஏறிப் பச்சையாகி, அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வந்தது ஒரு கிளுவை வேலி. அதிலும் ஒவ்வொரு கதியால் தடியும் ஒவ்வொரு பச்சை. பார்வையிட வந்த அதிகாரி வரிசையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்துபோய், "இவர்கள் எந்தப் படை?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். உடுப்பைப் பற்றிய அறிவுரையைப் பெடியனுக்குச் சொல்லிப் பிரயோசனமில்லை, தாய்க்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று அன்றைக்குப் படித்தேன்.

இரண்டாவது, கஞ்சி. காக்கிக்குக் கஞ்சி நன்றாகப் போட வேண்டும் என்று நான் அடிக்கடி சொல்லப்போக, எங்கள் அரைக்களிசான்கள் ஆள் இல்லாமலே நிற்கக்கூடிய நிலைக்கு வந்துவிட்டன. ஒருவன் வேலியில் காயப்போட்ட சட்டையை வீட்டு ஆட்டுக்கடா மணந்து பார்த்திருக்கிறது. நல்ல குத்தரிசிக் கஞ்சி. கொலரின் ஒரு பக்கத்தைத் தின்றுவிட்டது. மறுநாள் அந்தப் பெடியன் கொலரே இல்லாமல் வந்து நின்றான். என்னடா என்றேன். "ரெண்டு பக்கமும் ஒரேமாதிரி இருக்க வேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள், சேர். மற்றப் பக்கத்தை நான் வெட்டிப்போட்டன்" என்றான். அவனைத் தண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய போதனையை எழுத்துப் பிசகாமல் கேட்ட மாணவன் அவன் ஒருவன்தான்.

இப்போது சார்ஜனிடம் வருகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் பிளட்டூனுக்கு மாணவரில் ஒருவன் சார்ஜனாக இருந்தான். பெயர் வேண்டாம். அவன் இப்போது எங்கேயோ நல்லாயிருப்பான், இருக்கட்டும். உயரமான பெடியன், கறுவல், நடந்தால் மணலில் கோடு கிழித்ததுபோல் நேராகக் காலடி விழும். அவனுடைய உடுப்பைப் போன்ற உடுப்பை நான் அதற்கு முன்னும் காணவில்லை, பின்னும் காணவில்லை. கஞ்சி அளவாக இருக்கும். மடிப்பு, களிசானின் முன்பக்கத்தில் நூல் பிடித்ததுபோல் இருக்கும். சட்டையின் பித்தளைத் தெறிகளை, அதாவது பொத்தான்களை, பார்த்தால் கண் கூசும். நீலத்தின் வாடையே கிடையாது.

மற்றப் பெடியளின் உடுப்பு ஊருக்கு வெளுக்கும் கட்டாடியாரிடம் போய் வரும். போய் வருகிறபோது ஒருவனுடையது இன்னொருவனிடம் போகும், பொத்தான் குறையும், சில வேளை கூடியும் வரும். இவன் தானே கிணற்றடியில் துவைத்து, தானே சிரட்டைக்கரிப் பெட்டியால் மினுக்கிக்கொண்டு வருவான். நான் அவனை வரிசைக்கு முன்னால் நிறுத்தி, "பாருங்கோடா, இவனைப் பாத்துப் பழகுங்கோ. தன்ரை உடுப்பைத் தான் தோய்க்கிறதிலை என்ன வெக்கம்?" என்று பிரசங்கம் செய்வேன். அவன் நேரே பார்த்துக்கொண்டு நிற்பான்.

ஒருநாள் கேட்டேன், "நீ ஏன்ரா கட்டாடியாரிட்டைக் குடுக்கிறேல்லை?"

"அவர் எங்கடை வீட்டுக்கு வாறேல்லை, சேர்."

வீடு தூரம்போலும் என்று நினைத்துக்கொண்டேன். பனங்கூடலுக்கு அந்தப் பக்கம், அரைக் கட்டை, அதாவது அரை மைல் தூரம். அதைவிடத் தூரமான வீடுகளுக்கெல்லாம் கட்டாடியார் துணிப் பொட்டளியோடு போய் வருவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். சார்ஜனின் தகப்பன் பனையில் ஏறிச் சீவுகிற ஆள். அந்த ஆட்களின் உடுப்பைக் கட்டாடியார் தொடக்கூடாது என்று எங்களைப் போன்றவர்கள்தான் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். இது எனக்குத் தெரியாதா? ஊரில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரியாது என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது, நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்கள் ஊர்க் கோயில் தேருக்குக் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருவதாக ஏற்பாடு. கோயில் மனேச்சர்தான் எங்கள் பெற்றார் ஆசிரியர் சங்கத்துக்கும் தலைவர். முன்னர் தன் கையிலிருந்த பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துவிட்டது என்ற செய்தி அவர் காதில் இன்னும் சரியாக விழவில்லை. ஒருநாள் அதிபரின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மனேச்சர் அதிபரின் கதிரையில் இருந்தார். அதிபர் வந்தவர்கள் இருக்கும் கதிரையில் இருந்தார்.

"மாஸ்ரர், எங்கடை கடேற் பெடியள் கோயிலிலை மரியாதை அணிவகுப்பு நிக்க வேணும். கோபுர வாசலுக்கு உள்ளுக்கு, கொடிமரத்தடி வரைக்கும் ரெண்டு வரிசை. வாறவர் அசந்துபோக வேணும்" என்றார் மனேச்சர்.

எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஊர் முழுவதும் என் பிளட்டூனைப் பார்க்கப் போகிறது.

"அதுக்கென்ன ஐயா, நிப்பம்" என்றேன்.

"ஓம், ஆனால் உள்ளுக்கு வாறதெண்டால் சட்டை கழட்ட வேணும்."

"சட்டை கழட்டினால் அது சீருடை இல்லை, ஐயா. கைநூலிலை இருக்கு."

"சுவாமிக்கும் ஒரு கைநூல் இருக்கு, மாஸ்ரர்."

அதிபர் சமாதானப் பிரியர். "ஒரு பாதி கழட்டலாமோ?" என்று கேட்டார். எந்தப் பாதி என்று நாங்கள் இரண்டு பேரும் அவரைக் கேட்கவில்லை.

பிறகு இரண்டு கிழமை ஒரு பெரும் ஆராய்ச்சி நடந்தது. மனேச்சர் போய்க் குருக்களைக் கேட்டார். குருக்கள் கெட்டிக்காரர். மனிதன் தன்னுடைய சட்டையைத்தான் கழற்ற வேண்டும், காக்கிச் சட்டை அரசாங்கத்தின் சட்டை, அதைக் கழற்ற அவனுக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டார். சட்டை உள்ளே போகலாம். சப்பாத்து தோல், ஆகாது. காலில் ஒன்றும் இல்லாமல், ஆனால் கணுக்காலில் பட்டி சுற்றிக்கொண்டு நிற்கலாம். இடுப்புப் பட்டி தோலா துணியா என்று சந்தேகம் வந்தது. மனேச்சர் ஒரு பட்டியை வாங்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்து, துணிதான் என்று தீர்ப்பு வழங்கினார். தொப்பி போடலாமா என்பதில் மூன்று நாள் இழுபறி. கடைசியில் வாசல் வரைக்கும் தலையில், வாசலுக்கு உள்ளே இடது கக்கத்தில் என்று முடிவாயிற்று. திருநீறு முழு நெற்றிக்கும் பூசலாம், ஆனால் வியர்வையில் கரைந்து கொலரில் படக்கூடாது என்று என் பக்கத்திலிருந்து ஒரு நிபந்தனை போட்டேன். அதற்கும் ஒத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம் விளக்கிக் கொழும்புத் தலைமையகத்துக்கு நான் நாலு பக்கக் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை.

வெறுங்காலோடு பழக்குவது இலேசான வேலை இல்லை. சப்பாத்துக் குதி நிலத்தில் அடிக்கிற சத்தத்தை வைத்துத்தான் முப்பது பேரும் ஒன்றாகத் திரும்புவார்கள். சத்தம் இல்லாமல் போகவே ஒவ்வொருவனும் தன் இஷ்டத்துக்குத் திரும்பினான். அதைச் சரிப்படுத்தியவன் சார்ஜன். "மூச்சைக் கேளுங்கோடா. பக்கத்திலை நிக்கிறவன் மூச்சை எடுக்கேக்கை திரும்புங்கோ" என்று சொல்லிக் கொடுத்தான். நாலாம் நாள் முப்பது சோடி வெறுங்காலும் ஒரே கணத்தில் மணலில் திரும்பின. எனக்கு மெய் சிலிர்த்தது. என்னால் அப்படி ஒரு யோசனை பண்ணியிருக்க முடியாது.

கட்டளை கொடுத்து வரிசையை உள்ளே கொண்டுபோகிற ஆள் சார்ஜன்தான். அது அவனுடைய பதவிக்குரிய உரிமை. அடுத்த மாதம் தியத்தலாவைப் பாசறைக்குப் பிளட்டூனைக் கூட்டிக்கொண்டு போகிறவனும் அவன்தான். ஆனால் பாசறையைவிட இந்தத் தேர்தான் அவனுக்குப் பெரிதாக இருந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஒருநாள் பழக்கம் முடிந்து எல்லோரும் போனபின் வந்து கேட்டான்.

"சேர், கொடிமரத்தடி வரைக்கும் நாங்கள் போறதோ?"

"ஓமடா."

"நானுமோ?"

"நீ இல்லாமல் ஆர் கட்டளை குடுக்கிறது?"

அவன் சிரித்தான். அவன் பல்லைக் காட்டிச் சிரித்ததை நான் அன்றைக்குத்தான் கண்டேன். அவன் எதைக் கேட்டான் என்பது எனக்கு விளங்கியது. விளங்கிய கையோடு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டேன். அவன் தகப்பனும் தகப்பனின் தகப்பனும் அந்தக் கோயிலின் வெளிவீதியோடு நின்று கும்பிட்டவர்கள். சட்டை, சப்பாத்து, பட்டி, தொப்பி, திருநீறு என்று இரண்டு கிழமை மண்டையை உடைத்த நாங்கள் ஒருவரும் அந்தச் சட்டைக்குள் யார் இருக்கிறார்கள் என்று கதைக்கவில்லை. மனேச்சர் கேட்காதவரைக்கும் நானும் சொல்வதில்லை என்று எனக்குள் ஒரு கெட்டித்தனம். காக்கி உடுத்தால் எல்லாரும் ஒன்றுதானே, ஒருவருக்கும் தெரியவராது, காரியம் நடந்துவிடும் என்று எண்ணினேன். அதை நான் துணிச்சல் என்றுகூட நினைத்துக்கொண்டேன், தம்பிமாரே. வாய் திறக்காமல் செய்கிற துணிச்சல் எவ்வளவு சுகமானது என்று உங்களுக்கும் போகப் போகத் தெரியும்.

தேரன்று காலை வெளிவீதியில் பிளட்டூன் நின்றது. வெயில் ஏறுகிறது, தவில் முழங்குகிறது, சனம் பெடியளைச் சுற்றி நின்று வாயைப் பிளந்து பார்க்கிறது. வீதியின் கடைசியில், கச்சான் கடலை விற்கிற கடைக்கும் அப்பால், சார்ஜனின் தகப்பன் நின்றார். தோய்த்த வேட்டி, சால்வையை இடுப்பில் கட்டியிருந்தார். என்னைக் கண்டதும் தலையைக் குனிந்து ஒரு சிரிப்புச் சிரித்தார். நானும் தலையை ஆட்டினேன்.

பெரிய மனிதரின் கார் உடுவில் சந்தியைத் தாண்டிவிட்டதாக ஒருவன் சைக்கிளில் வந்து சொன்னான். அப்போது மனேச்சர் என் முழங்கையைத் தொட்டு ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார். பட்டு வேட்டி, கழுத்தில் உருத்திராக்கம். முகம் நிறையச் சிரிப்பு.

"மாஸ்ரர், முன்னுக்கு நிக்கிற பெடியன் ஆர்?"

"எங்கடை சார்ஜன், ஐயா."

"அது சட்டைக்கையிலை இருக்கிற மூண்டு கோட்டைப் பாத்தாலே தெரியுது. ஆர்ரை பெடியன்?"

நான் மேற்பையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

"பனங்கூடலடி எண்டு இப்பதான் ஒருத்தர் வந்து சொன்னவர். உண்மையோ?"

"ஓம், ஐயா."

"பாத்தியளே. நான் ஒண்டும் சொல்ல வரேல்லை. எனக்கு உதுகளிலை நம்பிக்கையும் இல்லை. என்ரை தோட்டத்துக்கு வாறவையோடை நான் எவ்வளவு அன்பு வாரப்பாடு எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. ஆனால் சனம் இருக்கே, மாஸ்ரர். இண்டைக்குத் தேர். வடத்திலை கை வைக்கமாட்டம் எண்டு நாலு பேர் சொன்னால் தேர் நடுவீதியிலை நிக்கும். கொழும்பாளுக்கு முன்னாலை அந்த வெக்கக்கேடு வேணுமே?"

"அவன் இல்லாமல் வரிசை நடவாது, ஐயா. அவன்தான் பழக்கினவன்."

"நடக்கும், நடக்கும். சார்ஜனுக்கு அடுத்த கோப்ரல் எங்கடை தங்கச்சியின்ரை மோன்தானே, அவன் செய்வான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு கரைச்சலும் இல்லாமல் செய்யலாம். நீங்கள் உடுப்பிலை கண் வைச்ச ஆள் எண்டு ஊருக்கே தெரியும். உடுப்பிலை ஒரு குறையைக் கண்டு அவனை விலத்தி விடுங்கோ. உங்கடை வாயிலை இருந்து வந்தால் ஒருத்தரும் சந்தேகப்படமாட்டினம். அவனுக்கும் மனம் நோகாது."

நான் அதிபரைப் பார்த்தேன். அதிபர் கோபுரத்துப் பொம்மைகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறவர்போல அவ்வளவு கவனம்.

கைநூலில் இந்த இடத்துக்குப் பக்கம் கிடையாது. என்னிடம் இருந்தது ஒரு இரண்டு நிமிடம். "முடியாது" என்று சொல்லியிருக்கலாம். பிளட்டூனைத் திருப்பிப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். பெடியன் மயங்கி விழுந்த கதை, கார் பிந்திய கதை என்று எதையாவது கிளப்பி எல்லோரையும் வெளிவீதியிலேயே நிறுத்தியிருக்கலாம். இவ்வளவும் எனக்கு அன்றைக்குப் பின்னேரம் குளித்துக்கொண்டு நிற்கும்போது வரிசையாக யோசனைக்கு வந்தன. அந்த இரண்டு நிமிடத்தில் யோசனைக்கு வந்தது ஒன்றுதான்: மனேச்சர் ஒரு கடிதம் எழுதினால் என்னை மன்னாருக்கு மாற்றிவிடுவார்கள்.

நான் வரிசையைப் பார்வையிடப் போனேன். அது வழக்கம், ஆகையால் ஒருவரும் வித்தியாசமாக எடுக்கவில்லை. முதலாவதாகச் சார்ஜன். அவனுக்கு முன்னால் நின்று மேலிருந்து கீழ்வரைக்கும் பார்த்தேன். தம்பிமாரே, என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக ஒரு குறையை நான் தேடியதில்லை. தொப்பி சரி. கொலர் சரி. மேற்பை மூடி சரி. பட்டியில் ஒரு சுருக்கம் இல்லை. மடிப்பு விரலை வைத்தால் வெட்டும். கணுக்கால் சுற்று ஒரே அகலம். நகம்கூட வெட்டியிருந்தான். வெறுங்காலோடு நிற்க வேண்டும் என்பதற்காகக் கால் நகத்தையும் வெட்டி, குதியைக் கல்லில் தேய்த்திருந்தான்.

"தெறி மங்கல்" என்றேன்.

அவன் கண் என் தலைக்கு மேலே நேராக நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டும், நான்தான் பழக்கினேன்.

"எந்தத் தெறி, சேர்?"

ஒன்றைச் சொல்ல வேண்டி வந்தது. "மேலையிருந்து ரெண்டாவது."

அந்த இரண்டாவது பொத்தானில் என்னுடைய முகம் தெரிந்தது. சிறிதாக, மூக்குப் பெருத்து, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

"துடைச்சுப்போட்டு வரட்டோ, சேர்?"

"நேரமில்லை."

"அரை நிமிசம், சேர். துணி கையிலை இருக்கு."

"நேரமில்லை எண்டு சொல்லிப்போட்டன். விலகு."

அப்போதுதான் அவன் கண்ணை இறக்கி என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் மனேச்சர் நின்றார். அவரையும் பார்த்தான். பிறகு சலூட் அடித்து, திரும்பி, வரிசையை விட்டு நடந்தான். மணலில் சத்தமே கேட்கவில்லை. முப்பது பேரும் மூச்சை எடுத்தது மட்டும் எனக்குக் கேட்டது.

கோப்ரல் முன்னுக்கு வந்தான். அவனுடைய தாய் அந்த வருடமும் நீலம் போட்டிருந்தாள். பச்சைச் சட்டையும், ஒரு பொத்தான் குறைந்த மேற்பையும், கொலர் வரை ஓடி வந்த திருநீறுமாக எங்கள் வரிசையை அவன் கொடிமரத்தடிக்குக் கொண்டுபோனான். "திரும்பு" என்று அவன் சொன்னபோது தவில் உச்சத்துக்குப் போய்விட்டது, பாதிப் பேருக்குக் கேட்கவில்லை. ஒரு வரிசை சுவாமியைப் பார்த்தது, மற்ற வரிசை மடப்பள்ளியைப் பார்த்தது. வந்த பெரிய மனிதர் நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்குத் தாகம், இளநீர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார். மனேச்சர் என் தோளில் தட்டினார். "ஒருத்தருக்கும் நோகாமல் முடிச்சுப்போட்டியள், மாஸ்ரர். உதுக்குத்தான் அனுபவம் வேணும் எண்டுறது" என்றார். பக்கத்தில் நின்ற அதிபர், தேர் நன்றாக ஓடும் என்றார்.

தேர் நன்றாகத்தான் ஓடியது. நான் வெளியே வந்தபோது கச்சான் கடையடியில் ஒருவரும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு பாடம் சொல்வது வழக்கம். சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோகும். உடுப்பில் கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்தால் கவனமாக இருங்கள். அந்தப் பெயரை ஒருநாள் யாராவது இரவல் கேட்டு வருவார்கள். பார்ப்பதற்குச் சின்ன விசயமாக இருக்கும். பொத்தான், மடிப்பு, சப்பாத்து என்று இருக்கும். பொய் சொல்லுங்கள் என்று கேட்கமாட்டார்கள், கொஞ்சம் கூர்ந்து பாருங்கள் என்றுதான் கேட்பார்கள். நீங்கள் கூர்ந்து பார்த்தால் எந்த உடுப்பிலும் குறை தெரியும். அதுவரைக்கும் நான் நேர்மையான மனிதன் என்றுதான் நினைத்திருந்தேன். சோதனை வராதவரைக்கும் எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டபின் சார்ஜன் கடேற் அறைக்கு வந்தான். வெள்ளைச் சட்டையும் நீலக் களிசானும் போட்டிருந்தான். கையில் பழைய புதினத்தாளில் சுற்றிய பொதி. மேசையில் வைத்து அவிழ்த்தான். சட்டை, அரைக்களிசான், பட்டி, கணுக்கால் சுற்று, தொப்பி, மேசு. சப்பாத்துகளைக் கையிலே வேறாகக் கொண்டுவந்திருந்தான், அடியில் மண் இல்லை. எல்லாம் தோய்த்து, கஞ்சி போட்டு, மினுக்கி, கைநூலின் படத்தில் உள்ளபடி மடித்திருந்தது.

"நிப்பாட்டப் போறன், சேர். ஒப்படைக்க வந்தனான்."

தியத்தலாவைப் பாசறைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. உடுப்பு ஒப்படைக்கிறவனுக்குப் படிவம் ஒன்று நிரப்ப வேண்டும். நான் மேசை லாச்சியைத் திறந்து எடுத்தேன். ஒவ்வொரு சாமானுக்கும் நேரே எண்ணிக்கை, நிலை, குறைகள் இருந்தால் விபரம் என்று கட்டம் போட்டிருக்கும். கீழே பொறுப்பாசிரியரின் கையொப்பம்.

தொப்பியிலிருந்து தொடங்கி எழுதிக்கொண்டு வந்தேன். சட்டைக்கு வந்ததும் அவன் மேசையில் ஒரு விரலை வைத்தான்.

"அதிலை எழுதுங்கோ, சேர். ரெண்டாவது தெறி மங்கல் எண்டு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் கேலிக்குக் கேட்கவில்லை. கோபமும் முகத்தில் இல்லை. கணக்கு விளங்காமல் கேட்கிற மாணவனின் முகம்தான்.

"வேண்டாமடா."

"உள்ளதை எழுதுங்கோ, சேர். அண்டைக்கு எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்தானே. மங்கலெண்டால் மங்கல் எண்டு எழுதுங்கோ. இல்லையெண்டால் இல்லை எண்டு எழுதுங்கோ."

குறைகள் என்ற கட்டத்தில் "இல்லை" என்று எழுதினேன். எழுத்து கோணலாகப் போய்விட்டது. கையொப்பத்தையும் திகதியையும் போட்டேன்.

அவன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி வாசித்தான். சட்டைக்கு நேரே இருந்த அந்த ஒரு சொல்லை மட்டும் இரண்டு தரம் வாசித்தான்.

"அண்டைக்கும் இல்லையோ, சேர்?"

"அண்டைக்கும் இல்லை" என்றேன்.

தலையை ஆட்டினான். வேறு என்ன கேட்டாலும் நான் சொல்லியிருப்பேன். மன்னிப்புக் கேள் என்றாலும் கேட்டிருப்பேன். அவன் கேட்டது வேறொன்று.

"சேர், உதின்ரை பிரதி ஒண்டு எழுதித் தாறியளோ? உங்கடை கையெழுத்தோடை. எங்கடை அப்பாவுக்குக் காட்ட வேணும். அண்டைக்கு விடியத் தெறியெல்லாம் பழப்புளி போட்டு மினுக்கினது அவர்தான். தன்ரை கைப்பிழை எண்டு சொல்லிச் சொல்லி இன்னும் சாப்பிடுறார் இல்லை."